மிதவைக் கிண்ண எரிபொருள் மட்டம்

கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரமே எரிபொருள் மட்டம். பெட்ரோல் ஏற ஏற, கிண்ணத்திலுள்ள மிதவை மேலெழும். அதன் கீலருகே உள்ள உலோக நாக்கு ஊசி வால்வைத் தள்ளி வரத்தை அடைக்கும். பெட்ரோல் செலவாகி மிதவை இறங்கினால் வால்வு திறக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியின் பந்து வால்வு செய்வதும் இதே வேலைதான். ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் உருவாக்கிய தெளிப்பு முனைக் கார்புரேட்டரின் வழிவந்த மிதவைக் கார்புரேட்டர்கள் அனைத்துக்கும் இந்த மட்டமே அடிப்படை.

தெளிப்பு முனையின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே பெட்ரோல் நிற்க வேண்டும். காற்றுக்குழல் குறுகும் இடத்தில் அழுத்தம் குறைவதால்தான் பெட்ரோல் மேலேறித் தெளிக்கிறது. த்ராட்டில் சிறிதளவே திறந்திருக்கும்போது இந்த உறிஞ்சல் மெலிதாக இருக்கும்; அப்போது ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமும் கலவையில் தெரியும். முழு த்ராட்டிலில் உறிஞ்சல் வலுவாக இருப்பதால் அதே வேறுபாடு பெரிதாகப் படாது. மட்டம் உயர்ந்தால் கலவையில் பெட்ரோல் மிகும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், ஓவர்ஃபுளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். வால்வு அடைக்காமலே போனால் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். மட்டம் தாழ்ந்தால் கலவை மெலிந்து எஞ்சின் திணறும், சூடேறும்.

இதை அளக்க இரு வழிகள் உண்டு. உலர் முறையில் கிண்ணத்தைக் கழற்றி, கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, நாக்கு ஊசியின் முனையை மெல்லத் தொடும் நிலையில், கேஸ்கெட் அமரும் முகத்திலிருந்து மிதவையின் மறுகோடி வரை வெர்னியரால் அளக்கிறார்கள். முழுவதும் தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவையின் எடை ஊசியிலுள்ள சுருள்வில்லை அமுக்கி, அளவைத் தவறாக்கும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 பைக்குக்கு இந்த உயரம் 26 மில்லிமீட்டர். இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இந்த அளவு கூடினால் பெட்ரோல் மட்டம் குறையும்.

ஈர முறையில் கிண்ணத்தின் வடிகால் துளையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கார்புரேட்டரின் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்துவார்கள். கிண்ணத்தில் உள்ள உயரத்துக்கே டியூபிலும் பெட்ரோல் ஏறி நிற்கும். கவாசாகியின் பணிமனைக் கையேடுகள் பலவற்றில் இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஹாலி கார்புரேட்டர்கள் பலவற்றில் கிண்ணத்தின் பக்கவாட்டிலேயே பார்வைத் துளை உண்டு. வண்டி சமதரையில் ஐடிலில் ஓடும்போது, பெட்ரோல் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட வேண்டும். அவற்றில் கிண்ணத்தைக் கழற்றாமலே மேலுள்ள நட்டைத் திருப்பி மட்டத்தைச் சரிசெய்யலாம்.

மற்றவற்றில் பெரும்பாலும் நாக்கை வளைப்பதே வழி. ஊசிப் பக்கம் வளைத்தால் வால்வு முன்னதாக அடைபட்டு மட்டம் தாழும். எதிர்ப்பக்கம் வளைத்தால் உயரும். நாக்கில்லாத பிளாஸ்டிக் மிதவைகளை இப்படிச் சரிசெய்ய முடியாது.

வளைக்கும் முன் பழுதைத் தேட வேண்டும். ஊசி முனையின் தேய்மானம், ஊசி அமரும் இருக்கையில் ஒட்டிய தூசி, துளைபட்ட மிதவை ஆகியவையும் மட்டத்தை ஏற்றும். பித்தளை மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் புகுந்திருப்பது கேட்கும்; வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். ஈயப்பற்று வைத்து அடைக்கலாம், ஆனால் கூடிய எடையால் மிதவை தாழ மிதந்து மட்டம் உயரும் என்பதால் மீண்டும் அளந்தாக வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வாகனங்களில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனே வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிகள் பலவற்றில் இன்னும் கார்புரேட்டர்தான். அவற்றின் மட்டத்தை அளக்கும் இரு முறைகளில் ஈர முறையே நம்பத்தக்கது: உலர் முறை மிதவையின் இடத்தைக் காட்டும், ஈர முறை பெட்ரோலையே காட்டும். உலர் அளவு சரியாக இருந்தும் வண்டி சீராக ஓடாவிட்டால், பெட்ரோல் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டை மாற்றும் முன் டியூபைச் செருகிப் பாருங்கள். பெட்ரோல் வழியும் என்பதால், எஞ்சின் ஆறிய பிறகு, தீப்பொறி இல்லாத திறந்த வெளியில் செய்யுங்கள்.