தொட்டிக்குள் கடலும் அதன் படமும்



வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இரண்டு கேள்விகள் கட்டாயம் காதில் விழும். கண்ணாடியில் படியும் பாசியை எப்படிப் போக்குவது என்பது ஒன்று. கண்ணுக்கு இவ்வளவு வடிவாய்த் தெரிகிற முருகை, கமராவில் மட்டும் ஏன் நீலக் குழம்பாய் விழுகிறது என்பது மற்றது. ஷார்ஜா, டுபாய், தோஹா எங்கே போனாலும் இதே கதைதான். பதில்களை இந்த உரையில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னர் ஒரு வரலாறு இருக்கிறது. தொட்டியின் சுத்தமும் தொட்டியின் படமும் ஏறக்குறைய 180 ஆண்டுகளாகப் பின்னிப் பிணைந்து வந்த வரலாறு அது. அதில் எங்கள் கரைகளும் வருகின்றன.

புத்தகங்கள் பவளப்பாறை என்று எழுதுவதை எங்கள் ஊர்களில் முருகைக்கல் என்போம். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

1846இல் இலண்டனைச் சேர்ந்த ஆனா தைன் என்ற பெண்மணி தென் இங்கிலாந்தின் டோர்க்கி கடற்கரைக்குப் போயிருந்தார். அங்கே கண்ட முருகைகள் சிலவற்றைச் சாடி ஒன்றில் கடல்நீரோடு இட்டு, வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடல் வெகு தூரம். நீரோ கெட்டுப் போகும். அதற்கு அவர் கண்ட வழி, வீட்டுப் பணிப்பெண்ணைத் திறந்த யன்னல் அருகே நிறுத்தி, நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றச் செய்வது. நாளாந்தம் அரை மணி, முக்கால் மணி நேரம், தேநீர் ஆற்றுவது போல. காற்று நீரில் கலந்தது, முருகைகள் பிழைத்தன. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்து வளர்த்தார். கடல் உயிர்களை வீட்டுக்குள் நிலையாக வளர்த்த முதல் முயற்சி இது என்று சொல்வார்கள். எஜமானியின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிய கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இராது.

1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் கோஸ் என்ற இயற்கை ஆய்வாளர், வீட்டுத் தொட்டி பற்றி வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். படங்கள் அத்தனை அழகு. நூல் கைக்குக் கை மாறியது. படித்தவர்கள் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். கோஸின் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய நினைவுநூலில், தாம் சிறுவயதில் கண்ட பாறைக் குளங்கள் எல்லாம் இப்படிச் சூறையாடப்பட்டு வெறுமையாகிப் போனதை வருத்தத்தோடு பதிந்திருக்கிறார். படம் ஆசையைக் கிளப்பியது, ஆசை கரையைத் துடைத்தது. இந்தக் கதை பின்னர் வேறு கரைகளிலும் நடந்தது.

கமராவுக்கு வருவோம். முருகைப்பாரை முறையாகப் படம்பிடித்து நூலாக்கிய முன்னோடிகளில் ஒருவர் வில்லியம் சாவில் கென்ட். 1893இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பார் பற்றி அவர் வெளியிட்ட நூலில் உள்ள படங்கள், வற்று நேரத்தில் பார் வெளியே தெரியும்போது எடுக்கப்பட்டவை. அவர் முன்னர் இங்கிலாந்தில் மீன்காட்சியகங்களில் வேலை பார்த்தவர் என்பதைக் கவனியுங்கள். தொட்டியைப் பார்த்துப் பழகிய கண்தான் கடலையும் அப்படிப் பார்த்திருக்கிறது. அதே 1893இல் பிரான்சில் லூயி பூத்தான் நீருக்கடியில் படமெடுத்தார்.

இனி எங்கள் கடல். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து, சுழியோடி ரொட்னி ஜொங்க்ளாஸோடு தீவைச் சுற்றியுள்ள பார்களில் இறங்கினார்கள். அந்தப் பயணம் படங்களோடு 1957இல் நூலாக வந்தது. ஜொங்க்ளாஸ் நீர்க்கீழ் உலகத்தை இலங்கையருக்கு அறிமுகம் செய்தவர். உயிருள்ள அலங்கார மீன்களைப் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடிகளிலும் ஒருவர். வண்ணத்துப்பூச்சி மீன், பவுடர் புளூ டாங் என்று எங்கள் கரை மீன்கள் ஒட்சிசன் நிரப்பிய பைகளில் விமானம் ஏறத் தொடங்கின. சுழியோடிகள் காலநிலையைப் பின்பற்றிக் கரை மாறுவார்கள், ஒரு பருவம் தெற்கிலும் மேற்கிலும், மறு பருவம் கிழக்கில். சிலர் மொக்ஸி வலை என்ற பாரமான வலையை முருகைமேல் போட்டு மூடி மீனைப் பிடித்தார்கள். மீன் அகப்பட்டது, முருகை முறிந்தது. பின்னர் அந்த வலை தடைசெய்யப்பட்டது.

அந்த மீன்கள் போய்ச் சேர்ந்த தொட்டிகள் எப்படி இருந்தன தெரியுமா? பழைய நூல்களின் படங்களைப் பாருங்கள். அடியில் வெள்ளை மணல், நடுவில் சுண்ணாம்பு போல் வெளுத்த முருகை எலும்புக்கூடு, அதைச் சுற்றி வண்ண மீன்கள். படத்துக்கு எடுப்பாக இருக்கும். சில கிழமைகளில் அந்த எலும்புக்கூட்டில் மண்ணிறப் பாசி படரும். உடனே வெளியே எடுத்து, குளோரினில் ஊறவைத்துத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மீண்டும் வைப்பார்கள். அதற்குப் பெயர் சுத்தம். தொட்டி பளிச்சென்று இருந்தது. ஆனால் மீன்கள் நெடுநாள் வாழவில்லை, முருகை வாழவே இல்லை.

இதை மாற்றியவர் ஜகார்த்தாவில் இருந்தார். லீ சின் எங் என்ற அந்த மீன்வளர்ப்பாளர் 1961இல் அமெரிக்க சஞ்சிகை ஒன்றில் தம் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த கல்லை அவர் கழுவவில்லை. புழு, பாசி, சிறு நண்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமி எல்லாவற்றோடும் அப்படியே தொட்டியில் வைத்தார். மெல்லிய காற்றுக் குமிழி, பகல் வெளிச்சம், அவ்வளவுதான். முருகைகள் உயிரோடு இருந்தன. மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுவது கல்லில் வாழும் பக்ரீரியா. மற்றவர்கள் குளோரினில் கழுவிக் கொட்டியது இதைத்தான். அழுக்கு என்று நினைத்ததே வடிகட்டியாக இருந்திருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பது என் எண்ணம்.

பின்னர் ஜேர்மனிக்காரர் அதை வளர்த்தெடுத்தார்கள். உயிர்க்கல், நுரையாகக் கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர், கடும் வெளிச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்ததைப் பேர்லின் முறை என்பார்கள். நாலாவதாக ஒன்று உண்டு, அதுதான் எங்களுக்குச் சுவையானது. பீற்றர் வில்கென்ஸ் என்பவர் முருகைக்குச் சுண்ணாம்புத் தெளிநீரைக் கொடுக்கச் சொன்னார். முருகை தன் எலும்பைக் கட்டக் கல்சியம் வேண்டும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை இரவில் துளித்துளியாக விட்டால் போதும். இரவில் தொட்டி நீரின் காரத்தன்மை குறையும், அதையும் இது ஈடுசெய்யும். (வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. ஒரேயடியாக ஊற்றினால் எந்தச் சுண்ணாம்பும் கொல்லும்.)

நாங்கள் நேர்மாறாகச் செய்தவர்கள். கல்குடா, பாசிக்குடாப் பக்கமும், தென்மேற்கில் அக்குரல பக்கமும் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரில் முருகைக்கல் இருக்கிறது. இங்கே டுபாயின் அல் பஹீதிப் பழைய வீடுகளும், ராஸ் அல் கைமாவின் அல் ஜசீரா அல் ஹம்ராவும் அதே கல்லால் கட்டியவை. கட்டியவர்களைக் குறை சொல்ல வரவில்லை, கையில் கிடைத்த கல் அதுதான். ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தென்மேற்குக் கரையில் செய்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்று, முருகை இருந்த ஹிக்கடுவையில் அலை 2-3 மீற்றர் உயரம் என்றும், முருகை அகழப்பட்டிருந்த பக்கத்துப் பெரேலியவில் 10 மீற்றர் என்றும் சொன்னது. இரண்டு ஊருக்கும் இடையே சில கிலோமீற்றர்தான்.

பேர்லினில் டீட்ரிக் ஸ்ரூபர் என்பவரின் தொட்டியில் ஒரு கிளைமுருகை நன்றாக வளர்ந்தது. அவர் அதை விற்றுக் காசாக்கவில்லை. கிளை முறித்து நண்பர்களுக்குக் கொடுத்தார், அவர்கள் தம் நண்பர்களுக்கு. முருங்கைக் கொப்பு நடுவது போலத்தான். அந்த ஒரு தாய்முருகையின் வாரிசுகள் நாடு நாடாகப் பரவி இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. கடலில் உடைக்காமல் தொட்டியிலிருந்தே தொட்டி நிரப்பலாம் என்று அதனால் தெரிந்தது. மீனிலும் இது நடந்தது. எங்களில் பலர் படகால் இறங்கிய பின் கொண்டுபோய்ப் பதியப்பட்ட மண்டபத்தில், முகாமுக்குப் பக்கத்திலேயே இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1949 முதல் 1971 வரை அதன் தலைமையகமே அங்குதான். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை அந்நிறுவனம் உருவாக்கி, மண்டபம் பகுதிப் பெண்கள் குழுக்களுக்கும் கற்பித்தது.

இப்போது எங்கள் மாடிவீட்டுத் தொட்டிக்கு வருகிறேன். கடல் ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கிறதே, நீர் அள்ளி வரலாமே என்று தோன்றும். வேண்டாம். பெருங்கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. இந்த வளைகுடாவில் 40க்கும் மேல். குழாய் நீரோ கடல்நீரை நன்னீராக்கி, குளோரின் இட்டு, கட்டடத் தாங்கியில் தேங்கி வருவது. ஆர்.ஓ. வடிகட்டியில் எடுத்த நீரில் கடலுப்புத் தூளைக் கரைப்பதே சரி. குளிரூட்டி ஓடும் அறையில் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை நன்னீரால் மட்டும் நிரப்புங்கள், உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சுத்தம் செய்ய வேண்டியது முன்கண்ணாடி. பின்சுவரில் பாசி இருக்கட்டும், நத்தைகள் மேயும். கல்லைக் குழாயடியில் கழுவவே கூடாது. கிழமைக்கோ இரு கிழமைக்கோ பத்திலொரு பங்கு நீரை மாற்றுங்கள். நுளம்பு மருந்து அடிக்கும் வீட்டில் தொட்டியை மூடி, காற்று இழுக்கும் பம்பை நிறுத்துங்கள். மீனுக்கு முன்னே இறாலும் நண்டும் செத்துப்போகும்.

படம் எடுக்கும் நாளில், ஒரு மணி நேரம் முன்னரே கண்ணாடியைச் சுரண்டிவிடுங்கள். சுரண்டிய தூள் அடங்க வேண்டும். வெளிப்பக்கத்தை வெறும் நீர் தொட்ட துணியால் துடையுங்கள், அமோனியா உள்ள தெளிப்பான் ஆகாது. அறை விளக்கை அணையுங்கள், இருண்ட நிறச் சட்டை போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் முகம்தான் படத்தில் வரும். நீரோட்டப் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தினால் முருகையின் விரல்கள் அசையாமல் நிற்கும். மறக்காமல் திரும்பப் போடுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு நேரே பிடியுங்கள், சாய்த்தால் உருவம் இழுபடும். 2008இல் திறந்த டுபாய் மோல் தொட்டியின் தடிப்பு 75 சென்ரிமீற்றர். அங்கே சாய்ந்து நின்று எடுத்த படங்களைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். நீலக் குழம்புக்குக் காரணம் எல்.ஈ.டி. விளக்கு. படமெடுக்கும் நேரம் வெள்ளை வெளிச்சத்தைக் கூட்டுங்கள், அல்லது லென்ஸில் செம்மஞ்சள் வடிகட்டி மாட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, அதே மூலையை, அதே தூரத்திலிருந்து எடுத்து, வெப்பமும் உப்பும் குறித்து வையுங்கள். தொட்டி 25, 26 பாகையில் இருக்கும். வெளியே வளைகுடா கோடையில் 35 பாகையைத் தொடும், குளிர்காலத்தில் 20க்குக் கீழே இறங்கும். அதிலும் இங்குள்ள முருகைகள் வாழப் பழகியிருந்தன. அவையும் 1996இலும் 1998இலும் பெருமளவு வெளுத்து மடிந்தன. 2017இல் அபுதாபிக் கரையில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. இலங்கையில் 1998இல் ஹிக்கடுவையும் கற்பிட்டிப் பாரும் வெளுத்தன, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. 1957 நூலில் உள்ளவை போன்ற பழைய படங்களுக்கு இன்று ஆய்வாளரிடம் மதிப்பு இருப்பது இதனால்தான்.

விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் நிலாவெளிக்குப் போவீர்கள். எதிரே புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. கரையெங்கும் முருகைத் துண்டுகள் குவிந்து கிடக்கும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். நிறையப் படம் எடுங்கள். துண்டைப் பெட்டிக்குள் போடவேண்டாம். இலங்கைச் சட்டம் 1993 முதல் கல்முருகையைக் காக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் 1990 முதல் அதைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியமும் அதில் ஒப்பமிட்ட நாடு. ஆகவே இறந்த துண்டானாலும் கேள்வி கட்டுநாயக்காவிலும் வரலாம், டுபாயில் இறங்கும்போதும் வரலாம்.