பாட்டியின் சோடாபுட்டிக் கண்ணாடி

எங்கள் பாகூர்ப் பக்கம் கண்புரை அறுவை முடித்தவர்களை அந்தக் காலத்தில் தூரத்திலேயே அடையாளம் தெரியும். கண்ணுக்குள் லென்ஸ் வைக்காத காலம். பிளஸ் 10 பவருக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதைக் கழற்றினால் என் பாட்டிக்கு வாசற்படி தெரியாது.

1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் தொடங்கிய அதன் ஆரோலேப், உள்விழி லென்ஸை உள்நாட்டிலேயே செய்ய, விலை சரிந்தது. 2003-இல் நம் தவளக்குப்பத்துக்கே அரவிந்த் வந்தது. சோடாபுட்டிகள் மெல்ல மறைந்தன.

இப்போது கண்ணாடியே தபாலில் வருகிறது. போன வருடம் என் மகன் இணையத்தில் பைஃபோகல் வரவழைத்தான். பவர் சரி, விலையும் குறைவு. போட்டுக்கொண்டு வில்லியனூர் கோயிலில் படி இறங்கினேன். படி மங்கிப் பள்ளமாகத் தெரிய, தடுமாறிப்போனேன். நல்லவேளை, பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்தார்.

கடைத்தெருக் கண்ணாடிக்காரர் பார்த்தவுடன் சொன்னார்: "கிட்டப்பார்வைக் கோடு ரொம்ப மேலே ஏறியிருக்கு ஐயா." ஃப்ரேமை எனக்கு மாட்டி, எதிரே உட்கார்ந்து, கண்மணிக்கு நேரே பேனாவால் புள்ளி வைத்து அளந்தார். டாக்டர் சீட்டில் பவர் இருக்கும். இந்த உயரம் இருக்காது.

பேப்பர் படிக்க லேசான பவர் என்றால் இணையத்தில் வாங்குங்கள். இரட்டைப் பவருக்கு, முகம் பார்த்து அளப்பவரிடமே போங்கள். நம் வயதில் விழுந்தால் எழுவது எளிதல்ல.