கோலார் தங்க வயல் வானில் பருவந்தோறும் மாறும் எலக்ட்ரான் அளவு

கர்நாடக மாநிலம் கோலார் தங்க வயல் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளின் மேல், அயனி மண்டலத்தில் உள்ள எலக்ட்ரான்களின் அளவு மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் உச்சத்தை எட்டுகிறது. மே முதல் ஆகஸ்ட் வரையிலான கோடைப் பருவத்தில்தான் அது பொதுவாக மிகக் குறைவு. கத்திரி வெயில் காயும் காலத்தில் சூரியனால் உருவாகும் எலக்ட்ரான்கள் குறைவது முரணாகத் தோன்றலாம். ஆனால் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் ஆண்டுதோறும் இதையே காட்டுகின்றன.

தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட இந்நகரம் அறிவியல் உலகுக்குப் புதியதன்று. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்கள் 1965-இல் இங்கு 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பதிவாயின. இதே ஊரின் தலைக்கு மேல் நிகழும் மாற்றத்தை அளக்கச் சுரங்கம் தேவையில்லை. இங்கு கருவி வைத்தாக வேண்டும் என்பதுகூட இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இயங்கும் ஜிபிஎஸ் நிலையத்துக்கு, கிழக்கு வானில் சுமார் 78 டிகிரி உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளின் சமிக்ஞை, 350 கிலோமீட்டர் உயரத்தைக் கடக்கும்போது ஏறத்தாழ கோலார் தங்க வயலுக்கு நேர் மேலே இருக்கும்.

அளக்கும் முறை எளியது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் சமிக்ஞை அனுப்புகிறது. எலக்ட்ரான்கள் குறைந்த அலைவரிசையை அதிகமாகத் தாமதப்படுத்துவதால், இரண்டும் வந்துசேரும் நேர வேறுபாட்டிலிருந்து வழியிலுள்ள மொத்த எலக்ட்ரான் அளவு கணக்கிடப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள நெடுந்தூணில் 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் அது ஓர் அலகு. ஓர் அலகு கூடினால் முதல் அலைவரிசையில் தொலைவுக் கணக்கு சுமார் 16 சென்டிமீட்டர் பிழையாகிறது. 50 அலகு என்றால் 8 மீட்டர்.

பருவ வேறுபாட்டுக்குச் சூரியனின் உயரம் மட்டுமே காரணமன்று. இவ்வூரின் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும்; ஆயினும் ஆகஸ்டில் அளவு குறைந்தே இருக்கிறது. கோடை வெப்பத்தால் நைட்ரஜன் மூலக்கூறுகள் மேலெழுந்து, எலக்ட்ரான்கள் அயனிகளுடன் சேர்ந்து மறையும் வேகத்தைக் கூட்டுகின்றன. சம இரவுபகல் காலத்திலோ ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் சாதகமாக உள்ளது. காந்த நடுக்கோட்டின் மேல் பகலில் எழும் மின்புலம் எலக்ட்ரான்களை உயரே தூக்கி, நீரூற்றுப் போல வடக்கிலும் தெற்கிலும் இறக்குகிறது. அக்கோட்டை ஒட்டியிருந்ததால்தான் 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடக்கே உள்ள கோலார் தங்க வயல், நீரூற்றின் தொடக்கத்துக்கும் அது விழும் மத்திய இந்திய வானுக்கும் இடைப்பட்டது.

விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்து, பிற்பகல் 2 மணியையொட்டி உச்சம் தொடுவது அன்றாடப் போக்கு. கைப்பேசிகள் பயன்படுத்தும் எளிய திருத்தச் சூத்திரம் இப்பிழையில் ஏறத்தாழப் பாதியையே நீக்குகிறது. சாலையில் செல்வோருக்கு அது போதும். தரையிறங்கும் விமானத்துக்குப் போதாது.

இந்திய விண்வெளி ஆய்வு மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய 'ககன்' திட்டம் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதுவே. அமெரிக்கத் திருத்த அமைப்பு அயனி மண்டலத்தை ஒரே மெல்லிய ஓடாகக் கருதியது. எலக்ட்ரான் அளவு இடத்துக்கு இடம் விரைந்து மாறும் இந்திய வானில் அக்கணிப்பு நம்பத்தக்கதாக இல்லை. எனவே பல அடுக்குகளைக் கணக்கில் கொள்ளும் மாதிரியை இஸ்ரோ உருவாக்கியது. நாடெங்கும் உள்ள 15 நிலையங்களின் தரவுகள் பெங்களூரு குந்தலஹள்ளியில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்து திருத்தங்களாகின்றன. உயரத்தையும் வழிகாட்டித் தரையிறங்க உதவும் சேவைக்கு 2015 ஏப்ரல் 21 அன்று சான்றிதழ் கிடைத்தது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் இத்தகைய சான்று பெற்ற முதல் அமைப்பு இது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இதன் துணையுடன் தரையிறங்கியது.

இரவில் மற்றொரு தொல்லை உண்டு. சூரியன் மறைந்தபின், குறிப்பாகச் சம இரவுபகல் மாதங்களில், எலக்ட்ரான் மிகக் குறைந்த குமிழிகள் மேலெழுந்து சமிக்ஞையை நடுங்கச் செய்கின்றன. சில வேளைகளில் தொடர்பே அறுந்துவிடும். திருத்தத்தால் இதை ஈடுசெய்ய இயலாது. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் குமிழிகளும் பெருகுகின்றன, பிற்பகல் எலக்ட்ரான் அளவும் பல மடங்கு உயர்கிறது.