டன்லப் கைமாறியது, நெட்மேஜிக் கைமாறியது

கம்பெனி கைமாறுவது என்றால் அம்பத்தூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டன்லப்தான். 1959-ல் இங்கே டயர் செய்யத் தொடங்கிய ஆலை. 1980-களின் நடுவில் வெள்ளைக்கார முதலாளிகளிடமிருந்து இந்திய முதலாளிகளிடம் போனது. 2005-ல் ரூயா குழுமம் வாங்கியது. ஒவ்வொரு முறையும் புது நம்பிக்கை பிறந்தது. ஆனால் ஆலை தலையெடுக்கவில்லை. கடைசியில் கம்பெனியையே கலைத்துவிட கொல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதனால்தான் "கம்பெனியை வேறு யாரோ வாங்கிட்டாங்களாம்" என்றாலே நம் ஊரில் வயிற்றில் புளியைக் கரைக்கும். எல்லா விற்பனையும் அப்படி முடிவதில்லை என்பதற்கும் அம்பத்தூரிலேயே சாட்சி இருக்கிறது.

1998-ல் சரத் சங்கி என்பவர் மும்பையில் நெட்மேஜிக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் தன் கட்டடத்தில் வைத்துப் பராமரிப்பதும், கம்ப்யூட்டர் வசதியையே வாடகைக்கு விடுவதும் தொழில். இன்று 'கிளவுட்' என்கிறோமே, அதுதான். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பது போல. வேண்டிய அளவு, வேண்டிய நாள் மட்டும்.

இந்தத் தொழிலில் செலவு முதலில், வரவு பிறகு. நிலம், மின்சாரம், ஜெனரேட்டர், குளிரூட்டும் இயந்திரம் எல்லாம் தயாரான பிறகுதான் வாடிக்கையாளர் வருவார். சில வருடங்களில் லாபத்தோடு வெளியேற நினைக்கும் முதலீட்டாளரை நம்பி இதைப் பெரிதாக்க முடியாது. 2012 ஜனவரியில் ஜப்பானின் என்.டி.டி. கம்யூனிகேஷன்ஸ் நெட்மேஜிக்கின் 74 சதவீதப் பங்கை வாங்கியது. என்.டி.டி., 1985 வரை அரசுடைமையாக இருந்த அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம். நீண்ட காலம் காத்திருக்கக்கூடிய பணம். கடலடிக் கேபிள்களும் கையில்.

அதோடு கணக்கே மாறியது. சிறு வாடிக்கையாளர்களுக்கு ஒன்றிரண்டு கம்ப்யூட்டராக வாடகைக்கு விடுவதைவிட, உலகளாவிய பெரிய கிளவுட் நிறுவனங்களுக்குக் கூடம் கூடமாகக் கொடுப்பது முக்கியமாயிற்று. கம்பெனியின் மதிப்பைப் பேசுகிறவர்களும் வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு மெகாவாட்டையும் கேட்கத் தொடங்கினார்கள். நாளடைவில் நெட்மேஜிக் என்ற பெயரும் என்.டி.டி.யில் கரைந்தது.

2023-ல் அம்பத்தூரில் 6 ஏக்கரில் என்.டி.டி.யின் வளாகம் திறக்கப்பட்டது. இரண்டு கட்டடங்களும் சேர்ந்து 34.8 மெகாவாட் கொள்ளளவு என்று திட்டம். சென்னையை சிங்கப்பூரோடு இணைக்கும் 'மிஸ்ட்' கடலடிக் கேபிளையும் இதோடு சேர்த்தே அறிவித்தார்கள்.

ஆனால் டன்லப்பில் ஷிப்டு விட்டால் தெருவே நிறையும். இங்கே அத்தனை பெரிய கட்டடத்துக்கும் ஆட்கள் கொஞ்சம்தான். கம்பெனியின் மதிப்பு உயர்ந்த அளவுக்கு ஊரில் வேலை உயரவில்லை. இருக்கிற வேலையில் எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், ஜெனரேட்டர் பார்ப்பவர் எல்லாம் தேவை. நம் அம்பத்தூர் ஐ.டி.ஐ. பையன்களுக்கு அந்த வாசல் திறக்கிறதா என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.