தராசு எண்ணிய அணுக்கள்

கடையில் திருகாணிகளை நாங்கள் எண்ணுவதில்லை; ஒன்றின் எடை தெரிந்தால் தராசே எண்ணிக்கை சொல்லிவிடும். அணுக்கணக்கும் இப்படித்தான். ஆனால் முதல் பற்றே பிழையாகிப் போனது. நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றே டால்டன் கொண்டார். வெப்பமும் அழுத்தமும் ஒன்றாயிருந்தால், சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சமம் என்று 1811இல் அவகாட்ரோ சொன்னார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1856இல் அவர் காலமானார். 1860 கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ அக்கருத்துக்காக வாதாடினார். அவரது சிறுநூலும் அங்கே வழங்கப்பட்டது. அதன்பின் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்பது மெல்ல நிலைத்தது. இன்று 18 கிராம் நீர் என்றால் ஒரு மோல். அதில் சுமார் 6.022 × 10²³ மூலக்கூறுகள், அணுக்களோ அதற்கு மும்மடங்கு. வாய்பாடு தவறினால், தராசு சரியாயிருந்தும் கணக்கு தவறும். வியாபாரிக்கு இது புரியாதா என்ன!