வரைபடத்தில் இல்லாத சந்துகள்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வழியாக ஒரு வழிகாட்டிச் செயலியின் முன்வரலாறு

தாராவிக்குப் பொருள் கொண்டுவரும் விநியோகப் பணியாளர்களின் கைப்பேசித் திரையில் நீலக்கோடு பெரும்பாலும் 90 அடிச் சாலையிலோ 60 அடிச் சாலையிலோ முடிந்துவிடுகிறது. சேரிடம் வந்துவிட்டதாகக் குரல் அறிவிக்கிறது. வீடோ இன்னும் பல சந்துகளுக்கு அப்பால் இருக்கிறது. அதே பணியாளர் தண்டவாளத்தின் கிழக்கே மாட்டுங்காவுக்குச் சென்றால் கட்டட வாசல்வரை வழி கிடைக்கிறது. இரண்டு இடங்களுக்கும் மேலே சுற்றுபவை ஒரே செயற்கைக்கோள்கள். ஆகவே இவ்வேறுபாட்டை விளக்க நகர வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

வழிகாட்டிச் செயலி இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. முதலாவது, இருப்பிடம் அறிதல். இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். ஜிபிஎஸ் 1995இல் முழுச் செயல்பாட்டுக்கு வந்தபோதும், பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அக்கட்டுப்பாடு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீங்கிய பிறகே வாகன வழிகாட்டல் அன்றாடப் பயனுக்கு உரியதாயிற்று. இரண்டாவது வேலை, வழி தேர்தல். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட வழிமுறையின் வழித்தோன்றல்களே இன்றும் இதற்கு அடிப்படை. தெருச் சந்திப்புகள் புள்ளிகள்; தெருக்கள் அவற்றை இணைக்கும் கோடுகள்; ஒவ்வொரு கோட்டுக்கும் தொலைவோ நேரமோ ஒரு மதிப்பு. அந்த வலைப்பின்னலில் மொத்த மதிப்பு குறைவான பாதையைக் கணினி தேடுகிறது. கோடாக வரையப்படாத ஒரு சந்து, எவ்வளவு பேர் நடந்தாலும், கணக்கில் வருவதில்லை.

மாட்டுங்கா கோடுகளாகவே பிறந்த ஊர். 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த தாதர்–மாட்டுங்காத் திட்டத்தில் தெருக்களும் மனைகளும் முதலில் தாளில் வரையப்பட்டன. வீடுகள் பின்னர் வந்தன. கிங்ஸ் சர்க்கிள் வட்டமும் ஐந்து பூங்காக்களும் அந்தத் தாளின் எச்சங்கள். அங்கே குடியேறிய தென்னிந்திய நடுத்தர வர்க்கத்தார் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினர். பெயருள்ள தெரு, எண்ணுள்ள கட்டடம் என்ற ஒழுங்கு அவர்களுக்குக் குடிபுகும்போதே வாய்த்திருந்தது.

தாராவியில் இந்த வரிசை தலைகீழானது. 1909ஆம் ஆண்டுப் பம்பாய் கெசட்டியர் அதனைப் பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகக் குறிக்கிறது. மீனவர்களின் சிற்றூரை அடுத்துச் சௌராஷ்டிரத்துக் குயவர்கள் கும்பார்வாடாவில் அமர்ந்தனர். பாந்த்ராவின் இறைச்சிக்கூடத்தை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் வளர, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர் வந்தனர். சதுப்பைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் குடியேறியவர்களே. இங்கே வீடு முதலில் வந்தது. வீடுகள் விட்டுவைத்த இடைவெளியே சந்தாயிற்று. அரசு 1976 சனவரியில் குடிசைகளைக் கணக்கெடுத்து ஒளிப்பட அடையாள அட்டை வழங்கியபோது பதிவானது குடிசை. அதற்குச் செல்லும் வழி பதிவாகவில்லை. செயலியின் நீலக்கோடு சாலையிலேயே நின்றுபோவதன் வேர் இவ்வரிசையில் இருக்கிறது. மாடிகள் நெருங்கிய குறுகிய சந்துகளில் வானம் ஒரு கீற்றாகவே தெரிவதால் சமிக்ஞையும் சுவர்களில் பட்டுத் தெறிக்கிறது. ஆனால் அது துணைக்காரணம் மட்டுமே.

பெயர்கள் இன்னொரு சிக்கல். 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' தாராவியை ஒட்டித் தண்டவாளத்தின் மேற்கே உள்ளது. பெயரை மட்டும் நம்புகிறவர் கிழக்கே போவார். மத்திய இரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு இரயில்வேயில் மாட்டுங்கா ரோடு என இரண்டு நிலையங்கள். கிங்ஸ் சர்க்கிளின் அதிகாரப் பெயர் மகேஸ்வரி உத்யான். வழி கேட்பவர் வாயில் வருவது பழைய பெயரே.

திசைச்சொற்களின் நிலை மொழியியலாளருக்கு இதைவிடச் சுவையானது. வழிகாட்டி பலமுறை 'வடக்கு நோக்கிச் செல்லவும்' என்று தொடங்குகிறது; நகரவாசிக்கு அது எரிச்சலூட்டுகிறது. எரிக் பீடர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு, தமிழரிடையே சிற்றூரார் பெரிதும் வடக்கு, தெற்கு எனவும் நகரத்தார் இடம், வலம் எனவும் இடத்தைக் குறிப்பதைக் காட்டியது. மேலத்தெரு, கீழத்தெரு என்று வழங்கும் நெல்லைச் சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறைக்கு இயந்திரத்தின் அந்தத் தொடக்க வாக்கியம் அந்நியமாக இருந்திருக்காது. மேற்கு, கிழக்கு என்னும் சொற்கள் மேல், கீழ் என்பவற்றோடு தொடர்புடையவை என்பதைக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார்: மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள நிலத்தின் சரிவு சொல்லில் படிந்திருக்கிறது. மும்பையிலோ கடல் மேற்கில். அங்கே கிழக்கையும் மேற்கையும் பிரிப்பது இரயில் பாதை. 'மாட்டுங்கா கிழக்கு' என்றால் நிலையத்தின் கிழக்குப் புறம் என்றே பொருள். சொல் பழையது, அதன் அச்சு புதியது.

செம்பூரில் சிக்கல் செங்குத்தாகிறது. 2014இல் திறக்கப்பட்ட சாந்தாகுருஸ்–செம்பூர் இணைப்புச் சாலையின் ஒரு பகுதி ஈரடுக்கு மேம்பாலம். மேலடுக்கு, கீழடுக்கு, தரைச்சாலை மூன்றும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகையில் அமையக்கூடும். ஜிபிஎஸ் உயரத்தைக் கணிப்பதில் துல்லியம் குறைந்தது. மேலே செல்லும் வண்டியைக் கீழே செல்வதாகக் கருதி, இல்லாத திருப்பத்தில் திரும்பச் சொல்வது இதனால்தான். அங்கே இழப்பு சில நிமிடங்கள்.

அதே குறை தாராவியில் வீட்டையே இழக்கச் செய்யக்கூடியது. அங்கே ஏணி வைத்து ஏறும் மாடி அறைகள் ஏராளம். கீழே ஒரு குடும்பம், மேலே வேறொரு குடும்பம், புள்ளி ஒன்றே. தற்போதைய மறுசீரமைப்புத் திட்டத்தின் விதிப்படி, 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 சனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, விலைக்கு. மேல்தளத்தாருக்கும் வெளியேதான், வாடகை கட்டிப் பின்னர் உரிமை பெறும் முறையில். 2024இல் தொடங்கிய கணக்கெடுப்பு ஆளில்லா வானூர்தியையும் லேசர் ஒளிவழி அளவீட்டையும் கொண்டு ஒவ்வோர் அலகுக்கும் தனியெண் இடுகிறது. சந்துகள் கோடுகளாகின்றன. அவற்றை அகற்றுவதற்கு முன்னேற்பாடாக. சாலை, கட்டடம் என்ற இரண்டு வகைமைகளோடு வரும் வரைபடம் ஏணியை எதில் சேர்க்கும் என்பது இங்கே வாழ்வாதாரக் கேள்வி.

இதே காலத்தில் பழைய இணைப்புகளும் மறைகின்றன. தாராவியைச் சயானோடு இணைத்த, நூறாண்டைக் கடந்த சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. ஒரு கோடு நீங்கியதும் செயலி சில நாளில் மாற்றுவழி கண்டுகொள்ளும். பாலத்தடியை அடையாளமாக வைத்து வழி சொன்னவர்கள் புதிய சொற்களைத் தேட வேண்டும்.

நகர வரலாற்று மாணவர்களுக்கும் மொழியியல் மாணவர்களுக்கும் இங்கே அவசரமான களப்பணி காத்திருக்கிறது. தாராவிச் சந்துகளைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் மக்கள் எப்பெயரால் அழைக்கிறார்கள், ஒரு வீட்டுக்கு வழி சொல்லும்போது கடை, கோயில், குழாயடி, ஏணி ஆகியவற்றை எந்த வரிசையில் அடுக்குகிறார்கள் என்பதைப் பதிவு செய்யலாம். கணக்கெடுப்பின் எண்கள் அரசிடம் இருக்கும். இந்தப் பேச்சுவழிகளோ சந்துகள் இடிபட்ட பிறகு கேட்டுப் பெறக்கூடியவை அல்ல.