சாவடி மறைந்தது, சாவியும் போயிற்று!

வடசென்னையில், தண்டையார்ப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் செல்லும் சாலையில் டோல்கேட் என்றோர் இடம் உண்டு. திருச்சிக்கு வடக்கே நெம்பர் ஒன் டோல்கேட் உண்டு. பழைய சாவடி இல்லை, காவலன் இல்லை, குறுக்குக் கம்பமும் இல்லை. பெயர் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது. திருவொற்றியூர்ச் சாலையில் மெட்ரோ நிலையம் எழுந்தபோது அதற்கும் அந்தப் பெயரே வாய்த்தது.

வண்டிக்காரன் காசு கொடுத்துக் கடந்த சாவடிகள் அவை. அந்தக் காசு எங்கே போயிற்று? டில்லிக்கு அன்று, கோட்டைக்கும் அன்று. ஜில்லா போர்டுக்கும் நகராட்சிக்கும் போயிற்று! 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட விதிகளில், உள்ளாட்சிகள் எவற்றின்மீது வரி விதிக்கலாம் என்பதற்குத் தனிப் பட்டியலே இருந்தது. சாவடிச் சுங்கம், நிலம், கட்டடம், வண்டி, படகு, தொழில் என நீண்ட பட்டியல். வெள்ளையன் வகுத்ததுதான், வள்ளன்மையால் அன்று. எனினும், ஊர் தன் சாலைக்குத் தானே காசு திரட்டலாம் என்ற உரிமை அதில் எழுத்தில் இருந்தது.

சாவடியைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. மோட்டார் பேருந்துகள் பெருகிய காலத்தில், ஊருக்கு ஊர் நின்று, எல்லைக்கு எல்லை காசு எண்ணிக் கொடுத்துப் போவது யாருக்கு உகந்தது? வண்டி நடத்துவோர் குமுறினர். அந்தக் குமுறலில் நியாயம் இருந்தது. அதன் விளைவே 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம். உள்ளாட்சிகளின் சாவடிச் சுங்கம் போயிற்று. மோட்டார் வண்டி வரி மாகாண அரசின் கைக்கு வந்தது. இழந்ததற்கு ஈடாக உள்ளாட்சிகளுக்கு ஒரு தொகை என்று ஏற்பாடாயிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது நம் நீதிக்கட்சி. முதலமைச்சர் முனுசாமி நாயுடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அருகே வேலஞ்சேரியில் பிறந்தவர். நம்மவர் காலத்தில் நடந்தது என்பதற்காக ஆராயாமல் விட்டுவிடுவது பகுத்தறிவாகாது.

பயணிக்கு நன்மை, ஐயமில்லை. ஆனால் ஊராட்சியின் நிலை என்ன? நேற்றுவரை வரி விதித்தவர், இன்று ஈட்டுத்தொகைக்கு மனுப் போடுபவர்! ஈடு என்பது கோயில் பிரசாதம் போன்றது. எவ்வளவு, எப்போது என்பதைக் கொடுப்பவன் கை முடிவு செய்யும். பெறுபவன் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பின்னர் வந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தனிப் பட்டியலும் மறைந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் வண்டி வரியையும் சுங்கத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. ஊராட்சிக்கென ஒரு வரிப் பட்டியல் அதில் இல்லை.

ஈடு எப்படித் தேயும் என்று காண, கடல் கடந்து கலிபோர்னியாவுக்குச் செல்வோம். அங்கும் 1935இல் இதே கதை நடந்தது. வண்டிகள்மீது உள்ளூர் விதித்த சொத்துவரிக்கு மாற்றாக மாநிலமே உரிமக் கட்டணம் வாங்கி, ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1998இல் மாநிலம் அதைக் குறைக்கத் தொடங்கியது. வண்டி மதிப்பில் நூற்றுக்கு 2 என்றிருந்தது 0.65 ஆயிற்று. குறைந்ததை நாமே ஈடுசெய்வோம் என்றார்கள். 2003இல் கருவூலம் வற்றியதும் ஆளுநர் கிரே டேவிஸ் கட்டணத்தைப் பழைய நிலைக்கு உயர்த்தினார். மக்கள் சினந்தனர், அவர் பதவியே பறிபோனது. அடுத்து வந்த நடிகர் அர்னால்டு சுவார்சனேகர், பதவியேற்ற அன்றே உயர்வை நீக்கினார். (திரையுலகிலிருந்து அரியணை ஏறுவது தமிழகத்துக்கு மட்டும் உரிய புதுமை அன்று என்பது காண்க!)

நகரங்கள் வாளாவிருக்கவில்லை. காவலுக்கும் தீயணைப்புக்கும் எங்கே போவோம் என்று மேயர்கள் முழங்கினர். 2004இல், உள்ளாட்சி வருவாயில் மாநிலம் கைவைப்பதைத் தடுக்கும் திருத்தம் மக்கள் வாக்குக்கு வந்தபோது, நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். வேலி போட்டாயிற்று என்று மகிழ்ந்தனர். 2011இல் மாநிலம் வேலியில் சந்து கண்டது! எஞ்சியிருந்த கட்டணப் பங்கையும் நகரங்களிடமிருந்து எடுத்து வேறு செலவுக்குத் திருப்பியது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள் நகராட்சியாகப் பிறந்த ஜுரூபா வேலி, பிறந்தவுடனே பால் மறுக்கப்பட்ட குழவியாயிற்று. நகராட்சியைக் கலைத்துவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அவ்வூர் தள்ளப்பட்டது. இடைவிடாது போராடி 2017இல்தான் பரிகாரம் கண்டது.

2017! அவ்வாண்டில்தான் இங்கே சரக்கு சேவை வரி வந்தது. மாநிலங்கள் தம் வரி உரிமையை விட்டுக்கொடுத்தன. 5 ஆண்டு ஈடு என்றது டில்லி. 2020இல் கொள்ளைநோய் வந்ததும், இது கடவுளின் செயல் என்றார் நிதியமைச்சர். கடவுளைக் கணக்கெழுத அழைத்ததைக் கேட்டு நாம் நகைத்தோம், கொதித்தோம். 2022 ஜூனோடு ஈட்டுக்காலமும் முடிந்தது. 1969இல் கலைஞர் அரசு இராசமன்னார் குழுவை அமைத்ததும், 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதும் இந்த அச்சத்தால் அன்றோ? உரிமைக்கு ஈடு ஒருநாளும் ஈடாகாது என்று டில்லிக்குச் சொன்ன நாம், அதே சொல்லை 1931இன் ஊராட்சியிடமிருந்து கேட்கும்போது மட்டும் செவிடாவது எப்படி?

கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள், தோழர்களே. சிப்காட் தொழிற்பேட்டைக்கு இரும்பும் எந்திரமும் ஏற்றிய லாரிகள் வருகின்றன. வண்டி வரி மாநிலத்துக்கு. நல்லூர்ச் சாவடியில் கண்ணாடியில் ஒட்டிய வில்லை வழியே கழியும் பணம் தேசிய நெடுஞ்சாலைக் கணக்குக்கு. லாரி நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிராமச் சாலையில் திரும்பும்போது, அச்சாலையைச் செப்பனிட வேண்டிய ஊராட்சி, வீட்டுவரியையும் தொழில்வரியையும் மாநில நிதிக்குழு பரிந்துரைக்கும் பங்கையும் நம்பியே நிற்கிறது.

எதிர்த்துக் குரல் எழுப்பலாமே என்பீர். எழுப்ப ஆள் வேண்டுமே! 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. பெரும்பாலான ஊரகப் பகுதிகளில் தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். நகரங்களில் 2022 பிப்ரவரியில். அதுவரை தனி அலுவலர்களே ஆண்டனர். ஜுரூபா வேலிக்கு வருவாய் பறிபோனபோது, அதைத் தட்டிக்கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றாவது இருந்தது.